வெட்டை என்று சொன்னேன்

மழைக்காலத்தில்தான் எங்களுக்கு வேலை. குமணன்சாவடியிலிருந்து திருமழிசை வரைக்கும் ரோட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் எது, தார் எது என்று தெரியாது. லாரிக்காரன் தைரியமாக இறக்குவான். பின்சக்கரத்துக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கிற இரும்புப் பட்டை முறிந்துபோகும். அதைக் கழற்றி, உலையில் சிவக்க வைத்து, சம்மட்டியால் தட்டி, விட்டுப்போன வளைவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வேதமுத்து பட்டைக் கடை என்றால் பெங்களூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். நான் அங்கே முப்பத்தெட்டு வருஷமாகச் சம்மட்டி பிடிக்கிறவன். பெயர் துலுக்கானம். மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்ததை நம்ப மாட்டேன். மனுஷன் சொல்வதையும் பாதிதான் நம்புவேன்.

வேதமுத்து செத்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது அவர் மகன் ஜாபஸ் கடையைப் பார்க்கிறான். முப்பது வயசு. அப்பனைவிட நல்ல வேலைக்காரன், அப்பனைவிடக் குடியும் குறைச்சல். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். தடுப்பின் ஓரத்தில் ஒரு குழாய். வீட்டுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான், பட்டை தயாராகிறவரை லாரியிலேயே படுத்துக் கிடக்கிற டிரைவர்களுக்கும் அதுதான்.

அந்தக் குழாயடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவர் என்பவன் துணி துவைக்க மாட்டான். லுங்கி, சட்டை எல்லாம் கிளீனர் தலையில் கட்டுவான். அப்படிப்பட்டவன் விடியற்காலையில், யாரும் எழுந்திருக்காத நேரத்தில், தன் ஜட்டியை மட்டும் தானே கசக்கிக்கொண்டிருந்தால் எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். வெட்டை. போன ஊரில் பொம்பளையிடம் வாங்கிக்கொண்டு வந்த நோய். வெள்ளையாக வடியும், துணியில் காய்ந்து கறையாக நிற்கும். வேதமுத்து என்னைப் பார்த்து மோவாயை ஆட்டுவார். நான் சிரிப்பேன். கடையே சிரிக்கும். அந்த டிரைவரை அன்றைக்கு முழுக்க யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

ஜாபஸ் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தான். உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எல்லாம் டிரைவர்கள் சொன்னது. எனக்கும் அதுதான். நான் கல்யாணம் பண்ணினேன், இரண்டு பிள்ளை பெற்றேன், பெண்டாட்டியைப் புதைத்தும் ஆயிற்று. ஒரு பொம்பளை உடம்பில் எந்த நாளில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

ஜாபஸ் பெண்டாட்டி ஸ்வீட்லின். ஆவடிக்கு அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டைப் பெண். இருபத்துநாலு வயசு. திருமழிசையில் மருந்து பாட்டிலுக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற கம்பெனியில் வேலை. காலை ஏழரைக்குக் கூட்டு ரோட்டில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போவதற்கு முன்னால் என் பங்குச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு உலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். மழை நாளில் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டு. "உலைகிட்டயே கீட்டும் தாத்தா, சூடா துண்ணு" என்பாள். அந்த வீட்டில் என்னை ஒரு ஆளாக வைத்துப் பேசியது அவள் ஒருத்திதான்.

கல்யாணமாகி மூன்று வருஷம் பிள்ளை இல்லை. நாள் தள்ளிப்போகும். உடனே மாமியார் செலின், ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிடுவாள். பத்து நாளில் இவள் தலைக்குக் குளிப்பாள். அடுத்த ஞாயிறு சபை மொத்தமும் இவள் வயிற்றைப் பார்க்கும். இரண்டு தடவை இப்படி ஆயிற்று. மூன்றாம் தடவை நாள் தள்ளிப்போனபோது அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இது எனக்குப் பின்னால் தெரிந்தது.

அந்த நவம்பரில் விடாமல் மழை. கடை வாசலில் மூன்று வண்டி வரிசை கட்டி நின்றது. கரி நனைந்து புகை கக்கியது. மதியம் மூன்று மணி இருக்கும். ஜாபஸ் இடுக்கியில் சிவந்த பட்டையைப் பிடித்துப் பட்டறைக் கல்லின்மேல் வைத்தான், நான் தட்டினேன். மூன்று அடிக்கு ஒரு தடவை பட்டையைத் திருப்ப வேண்டும். அவன் திருப்பவில்லை.

"இன்னாடா, நின்னுகினே தூங்கறியா?" என்றேன்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். சிரிக்காத."

"கேளு."

"வெள்ளையா, பால் கணக்கா படுது. நெதம் படுது. அது வெட்டைதானே?"

"யாருக்கு?"

"யாருக்கோ. நீ சொல்லு."

"வெட்டைதான். வேற இன்னா."

"பொம்பளைக்கும் அப்படித்தான் வருமா?"

நான் சம்மட்டியை இறக்கி வைத்தேன். நான்கைந்து நாளாக விடியற்காலையில் ஸ்வீட்லின் குழாயடியில் குந்திக்கொண்டு எதையோ தனியாகக் கசக்குவதை நானும் பார்த்திருந்தேன். என்னைக் கண்டால் புடவை முந்தானையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவன் யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன்.

"வரும். ஆம்பளை கிட்டேர்ந்து வரும். உனுக்கு கீதா?"

"எனுக்கு இல்ல. பைபிள் மேல சத்தியமா இல்ல நைனா. நான் எங்கியும் போனதில்ல."

"அப்போ அவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

பட்டை கறுத்துக்கொண்டு வந்தது.

"அவ உள்துணிய என் லுங்கிக்கு அடில போட்டு காய வச்சிருந்தா நைனா" என்றான். "எடுத்து பாத்தேன். இன்னாடி இதுன்னேன். ஒண்ணுமில்ல குடுன்னு புடுங்கிகினு போனா. மூஞ்சே சரியில்ல. பத்து நாளா கிட்ட வுட மாட்டேங்கறா. அசதியா கீதுன்றா. சோத்தக் கண்டா மூஞ்சிய திருப்பிக்கறா. நேத்து நான் கருவாடு வறுக்கச் சொன்னா வெளில ஓடிப்போய் நிக்கறா."

பிள்ளை பெற்ற எவளிடமாவது இதைச் சொல்லியிருந்தால் அவன் முதுகில் ஒன்று போட்டுச் சிரித்திருப்பாள். அவன் என்னிடம் சொன்னான்.

"அந்த வேன் ஓட்றவன் யாரு, ராகேஷா?" என்றேன். "முந்தாநாளு அவங்கூட சிரிச்சுகினு எறங்குனா. நான் பாத்தேன்."

வேனிலிருந்து இறங்கிய ஒன்பது பெண்களும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். அதை நான் சொல்லவில்லை.

ஜாபஸ் பட்டையைத் தூக்கித் திரும்ப உலையில் போட்டான். ஊதுகிற மோட்டாரை முழுக்கத் திருகிவிட்டான். "சரி, அடுத்தத எடு நைனா" என்றான். பொழுது சாயும்வரை இரண்டு வண்டி முடித்தோம். அவ்வளவு ஒழுங்காக அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கூட்டு ரோட்டில் கும்பல். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி வேன் கதவு திறந்து கிடந்தது. ஜாபஸ் கையில் பட்டையை இறுக்குகிற கிளாம்புக் கம்பி, ஒரு முழ நீளம். ராகேஷை ஸ்டியரிங்கிலிருந்து இழுத்துக் கீழே போட்டிருந்தான்.

"இன்னாண்ணா, இன்னா பண்ணேன் நானு, சொல்லிட்டு அடிண்ணா" என்றான் ராகேஷ். ஒல்லிப் பையன், இருபத்துரெண்டு வயசுக்கு மேல் இருக்காது.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தாடையில். சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. மூன்றாவதுக்கு ராகேஷ் கையைக் குறுக்கே கொடுத்தான். கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. வேனுக்குள் இருந்த பெண்கள் கத்தினார்கள். ஸ்வீட்லின் அப்போதுதான் சாப்பாட்டுப் பையோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். ஜாபஸ் கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டான். அங்கிருந்து கடை வரைக்கும் இருநூறு அடி இருக்கும். சேற்றில் இழுத்துக்கொண்டே போனான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வழிவிட்டார்கள். "குடும்ப சமாச்சாரம்" என்று ஒருத்தன் சொன்னான். நான் அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

கடையில் ஒரு ஆந்திரா வண்டிக்காரன் பட்டைக்காகக் காத்திருந்தான். அவனைத் தாண்டி அவளை உள்ளே கொண்டுபோய்த் தகரக் கதவைச் சாத்தினான்.

வேதமுத்து காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே சண்டை என்றால் வெளியே சம்மட்டி நிற்கக் கூடாது. வீட்டுச் சங்கதி லாரிக்காரன் காதில் விழக் கூடாது. பட்டை இருந்தால் பட்டையைத் தட்டு, இல்லாவிட்டால் வெறும் கல்லைத் தட்டு. வேதமுத்து செலினை அடிக்கிற நாளில் எல்லாம் நான் தட்டியிருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அன்றும் மோட்டாரைப் போட்டேன், பட்டையை உலையில் திணித்தேன், நேற்றையது ஒன்றைக் கல்லில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

இரண்டு அடிக்கு நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் கேட்டது.

"எவன்டி?"

"இன்னா எவன்? இன்னா கேக்கறே நீ?"

"வெட்டைய எவங்கிட்ட வாங்குன?"

"அய்யோ, வெட்டைன்னா இன்னா? எனுக்கு ஒண்ணும் தெரியாதுபா. அடிக்காத. வயித்துல அடிக்காத."

பழைய ஃபேன் பெல்ட் ஒன்று தடுப்பு ஆணியில் தொங்கும். அதை எடுத்திருந்தான். ரப்பர் ஈரத் தோலில் விழுகிற சத்தம் வேறு மாதிரி. தண்ணி டிரம் கவிழ்ந்தது. டிரம்மின் விளிம்பில் ஒன்று இடித்தது. அது அவள் தலை என்று பின்னால் தையல் போடும்போது பார்த்தேன். செலின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "சொல்லிடுறி, யாருன்னு சொல்லிட்டா வுட்ருவான், எனுக்குத் தெரியும், சொல்லிட்டா வுட்ருவான்" என்று ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆந்திராக்காரன் என்னைப் பார்த்தான். நான் தட்டினேன்.

கதவு திறந்தது. ஜாபஸ் வெளியே வந்தான். மூச்சு வாங்கியது. கண் என் பக்கம் இல்லை. நேராக உலைக்கு வந்து, இடுக்கியை எடுத்து, சிவந்து கிடந்த பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். நான் போட்ட பட்டை. நல்லாச் சிவந்திருந்தது.

"டேய்" என்றேன்.

"வழிய வுடு நைனா. எங்க வெச்சா சொல்லுவாள்னு எனுக்குத் தெரியும்."

நான் வழிவிட்டேன். அதைத்தான் சொல்கிறேன். எழுபது வயசு, கையில் சம்மட்டி, எதிரில் நான் தூக்கி வளர்த்தவன். காலை ஒரு அடி பின்னால் வைத்தேன்.

தடுத்தது அஷ்ரஃபுன்னிசா. பக்கத்து வெல்டிங் கடை பக்கீர் முகமது பாயின் சம்சாரம். பாய்க்கு நாஸ்தா கொண்டுவந்தவள், ரோட்டில் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துப் பின்கட்டு வழியாக ஓடிவந்திருந்தாள். குள்ளமான மனுஷி, நெஞ்சு உயரம்தான் வருவாள். தகரக் கதவில் நின்றுகொண்டாள். கையில் குழாயடி பக்கெட். ஜாபஸ் இரண்டு எட்டு வைத்தான். அவள் பக்கெட்டுத் தண்ணீரை அப்படியே பட்டையின்மேல் வீசினாள். பட்டை சீறியது. ஆவி அவன் முகத்தில் அடித்து, இடுக்கி கையை விட்டு நழுவி, பட்டை அவன் கால் விரல்மேல் விழுந்தது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான்.

"குந்து அங்கியே" என்றாள் அவள். "நவுந்தே, அடுத்தது உன் தலைல."

உள்ளே ஸ்வீட்லின் டிரம்முக்குப் பக்கத்தில் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முழங்காலில் சுருண்டு கிடந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம். புடவை முழுக்கச் சேறு. அஷ்ரஃபுன்னிசா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா பிரச்சன? எதுக்கு அடிச்சான்?"

பதில் சொன்னது செலின். "வெள்ள படுதாம் அவளுக்கு. வெட்டையாம்."

"வெள்ள பட்டா வெட்டையா? யாரு சொன்னா?"

செலின் என்னைப் பார்க்கவில்லை. சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

"ஸ்வீட்லினு, எங்கிட்ட சொல்லு. கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?"

"காந்தி ஜெயந்திக்கு... ரெண்டு நாளு முன்னாடி."

"இன்னிக்கு நவம்பர் பதினெட்டு. ஏம்மா, ஏழு வாரம் ஆவுதே. வாந்தி கீதா? அரிக்குதா, நாத்தம் எதுனா? வெறும் வெள்ளதானே, பால் மாதிரி?"

ஸ்வீட்லின் தலையை ஆட்டினாள்.

"எனுக்கு மூணு புள்ளைக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மூணாவதுக்கு துணி மாத்தி மாளல. செலினு, நீயும்தானே பெத்தே. உனுக்குப் படலியா?"

செலின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பட்டுச்சு" என்றாள். "பட்டுச்சு. எங்கிட்ட யாரு கேட்டாங்க. வெட்டைன்னு வந்து சொல்லும்போது எனுக்கு எங்க அது நெனப்பு வரும்."

"அக்கா" என்றாள் ஸ்வீட்லின். "கீய ஈரமா கீது. தண்ணியா ரத்தமா பாருக்கா."

அஷ்ரஃபுன்னிசா பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி, "வண்டிய எடுங்க" என்று தெருப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

பாயின் குட்டியானையில் பின்பக்கம் கேஸ் சிலிண்டரை இறக்கிவிட்டு, தார்ப்பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். தூக்கும்போது அவள் கால் பக்கம் நான் பிடித்தேன். நெஞ்செலும்பு தெரிகிற மாதிரி இளைத்திருந்தாள். இத்தனை நாள் அதை நான் கவனிக்கவில்லை. வழியெல்லாம் பாலம் கட்டுகிற வேலை, ரோடு பாதி தோண்டிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாய் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அஷ்ரஃபுன்னிசாவின் கையைப் பிடித்திருந்தாள். செலின் எதிரில் குந்தியிருந்தாள்.

"ஸ்வீட்லினு, கேளு" என்றாள் செலின். "டாக்டரு கேப்பாங்க. குழாயடில வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு. பாசி கீது, வழுக்கிச்சுன்னு சொல்லு. போலீஸ்ல மாட்டிக்கினா கட போயிடும்மா. அந்த வேன்காரனுக்கு வேற அடிபட்டு கீது. உன் புருசன் உள்ள போயிட்டா இந்தக் கொயந்தைக்கு அப்பன் யாரு?"

"வாய மூடு செலினு" என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

"நீ சொல்லுவே. உன் ஊட்ல நல்ல மனுசன். அண்ணாத்தே, நீயாவது சொல்லேன். நாப்பது வருசமா எங்க உப்பத் துண்றே."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. கார்த்திகா என்று சட்டையில் பெயர் குத்திய நர்சு. முப்பது வயசு இருக்கும், குரல் மட்டும் நல்ல கனம். என்ன ஏது என்று கேட்டாள். செலின் வெட்டை, வெள்ளை என்று குழப்பி ஏதோ சொன்னாள். நர்சு அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க பாருங்கம்மா. கரு தங்குனா கர்ப்பப்பை வாயில இருக்கிற சளி மாறும். வெள்ளையா, பால் மாதிரி, முன்னைவிட நெறைய படும். நாத்தம் இல்லாம, அரிப்பு எரிச்சல் இல்லாம இருந்தா அது நோயே கிடையாது. உள்ள அந்தச் சளி கெட்டியாகி கர்ப்பப்பை வாயை அடைச்சிக்கும். கிருமி உள்ள போகாம குழந்தைக்குக் காவல். மஞ்சளா பச்சையா வந்தா, வாடை அடிச்சா, அப்ப நீங்க வரணும். இதுக்காகவா இந்தப் பொண்ண இப்படிப் பண்ணீங்க?"

பேசி வைத்த மாதிரி எல்லாரும் தரையைப் பார்த்தோம். காவல் என்று அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அதைப் பார்த்துத்தான் நான் வெட்டை என்று சொன்னேன்.

டாக்டரம்மா வந்தாள். நெற்றியில் நாலு தையல் போட்டார்கள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். பெல்ட்டின் தடம் ஒவ்வொன்றும் கைவிரல் கனத்துக்கு எழும்பியிருந்தது.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று பேனாவைத் திறந்தாள்.

"வழுக்கி வுழுந்துட்டா டாக்டரு" என்றாள் செலின்.

"உங்களக் கேக்கல. நீ சொல்லும்மா."

ஸ்வீட்லின் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "மொதல்ல கொயந்த கீதா இல்லியான்னு பாத்து சொல்லுங்க மேடம். அப்பால நான் சொல்றேன்."

"ரெண்டும் தனித்தனி. இப்பவே சொல்லலாம்."

"இல்ல மேடம். மொதல்ல அது."

ஸ்கேன் அறைக்குள் அஷ்ரஃபுன்னிசாவை மட்டும் விட்டார்கள். நானும் செலினும் வெளியே பெஞ்சில். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மழை வலுத்துவிட்டது. செலின் ஜெபம் பண்ண ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டு, "யாரு சொல்லியிருப்பான் அண்ணாத்தே அவனுக்கு? எந்தப் பாவி சொல்லியிருப்பான்? இந்த டிரைவருங்க எவனாவதுதான்" என்றாள். "தெரியல" என்றேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்து அஷ்ரஃபுன்னிசா வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"துடிக்குது" என்றாள். "அரிசி அளவுக்கு கீது. துடிக்குது. ரத்தம் கொஞ்சந்தானாம். பத்து நாளு படுக்கையிலியே வெச்சிருக்கணும், அப்பால அல்லா விட்ட வழின்னாங்க."

செலின் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தாள்.

அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற போலீஸ்காரர் நோட்டோடு வந்து நின்றார். நடுவயசு ஆள். ராகேஷை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஜாபஸைக் கடையிலிருந்து பிடித்து இங்கே காலுக்குக் கட்டுப்போடக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். செலின் ஸ்வீட்லினின் கால் கட்டை விரலைப் பிடித்து அழுத்தினாள். நான் பார்த்தேன். ஸ்வீட்லின் காலை உருவிக்கொண்டாள்.

"எம் புருசன் அடிச்சாரு" என்றாள். "தலமுடியப் புடிச்சு ரோட்ல இழுத்துகினு போனாரு. ஃபேன் பெல்ட்டால முதுவுல அடிச்சாரு. எத்தினி அடின்னு எண்ணல. டிரம்ல தலைய மோதுனாரு. இடுப்புல ரெண்டு தபா ஒதச்சாரு, வயித்துல ஒதைக்க வந்தாரு, நான் திரும்பிக்கினேன். காய்ச்சுன இரும்பு எடுத்துகினு வந்தாரு. இந்த அக்கா வரலின்னா வெச்சிருப்பாரு. வழுக்கி வுழல. எங்க குழாயடில பாசியே இல்ல, நான்தான் நெதம் தேய்ப்பேன்."

ஒரே குரலில் சொன்னாள். போலீஸ்காரர் எழுதினார். செலின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போவ மாட்டேன்" என்றாள் ஸ்வீட்லின். "எங்கம்மாவுக்கு போன் போடுங்க."

"சந்தேகம் எப்படி வந்துச்சும்மா? நடுவுல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"தெரியாது சார். நேத்து காலைல கூட அவரு நல்லாத்தான் இருந்தாரு. சாயங்காலம் கடைலேர்ந்து வரும்போதே வேற ஆளா வந்தாரு."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "பெருசு, நீ கடையில வேலை செய்யறவன்தானே. உனக்கு எதுனா தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தாத்தாவாவது நல்லது ஒன்று சொல்லும் என்கிற மாதிரி, கட்டுப்போட்ட தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "அவன் கேட்டான், வெட்டைதான்னு சொன்னேன். ஆம்பளை கிட்டேர்ந்து வரும்னு சொன்னேன். வேன்காரங்கூட சிரிச்சுகினு எறங்குனாள்னும் நான்தான் சொன்னேன். அவ எல்லாரோடயும்தான் சிரிச்சா. அவன் அடிக்கும்போது நான் வெளியே நின்னு சம்மட்டி தட்டிகினு இருந்தேன், யாருக்கும் கேக்காம இருக்கட்டும்னு."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். "இதெல்லாம் எந்தக் கட்டத்துல எழுதறது" என்றார் டாக்டரம்மாவிடம்.

ஸ்வீட்லின் தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. பிறகு நர்சைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இந்த ஆள வெளில போச் சொல்லுங்க."

நர்சு சொல்வதற்கு முன்னாலேயே நான் நடந்தேன்.

வராந்தாவில் ஜாபஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காலில் கட்டு, முகத்தில் ஆவி பட்ட இடம் சிவந்து உப்பியிருந்தது. பக்கத்தில் இன்னொரு போலீஸ்காரர். என்னைக் கண்டதும் எழுந்தான். போலீஸ்காரர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நைனா" என்றான். "புள்ளன்றாங்க. நெசமா? அப்போ அந்த வெள்ள? அது வெட்டை இல்லியா நைனா? நீ சொல்லு."

உள்ளே டாக்டர் இருந்தாள், நர்சு இருந்தாள், மூன்று பெற்ற அஷ்ரஃபுன்னிசா இருந்தாள். பெற்ற தாய் இருந்தாள். அவன் இன்னும் என்னைத்தான் கேட்டான்.

"எனுக்குத் தெரியாதுடா" என்றேன். "எனுக்கு எப்பவுமே தெரியாது. உள்ள போயி அவங்களக் கேளு."

"அவன் உள்ள போக முடியாது பெருசு" என்றார் போலீஸ்காரர். "அந்தப் பொண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீயும் இங்க நிக்காத, கிளம்பு."